வண்ணார்பேட்டைக்கு அப்புறம்

பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்ததும் ஆவுடை முதல் காரியமாகப் போனைத்தான் பார்த்தாள், புள்ளி இருக்கிறதா என்று. இருந்தது. பட்டாணி அளவில், நீலமாக, மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளி நீங்கதாங்க்கா என்று நஸ்ரின் முதல் நாள் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பத்து மூன்று வயசு ஆள், செருப்பே ஒன்பதாம் நம்பர், பட்டாணிக்குள் எப்படி அடங்குவது? கையைத் தூக்கிப் பார்த்தாள், புள்ளி கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றாள், அது எழுந்து நிற்கவில்லை. ஆனால் தெருவில் இறங்கி நடந்தபோது கூடவே நடந்தது, பால் பூத்துக்கு முன்னால் நின்றபோது தானும் நின்றது. அப்படியென்றால் அது நான் இல்லை, நான் இருக்கிற இடம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோது நஸ்ரின் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுவாரம் போனில் 'நீங்கள்' என்று இருந்த இடத்தில் 'நீங்கள் இருக்கும் இடம்' என்று வந்துவிட்டது. தான் சொன்ன ஒன்று போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதை ஆவுடை அன்று பூராவும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். இப்போது முன் சீட்டில் ஒரு ஆள் மடியில் தென்னங்கன்றை வைத்துக்கொண்டு தூங்குகிறார், இவருக்கும் ஒரு புள்ளி இருக்குமா? போன் இல்லாதவர்களின் புள்ளி எங்கே இருக்கும்? பஸ் நிறைய ஆள் ஏறினால் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்குமா, அல்லது நகர்ந்து கொஞ்சம் இடம் கொடுக்குமா?

நஸ்ரின் நான்கு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேலப்பாளையத்துப் பெண், இருபத்தாறு வயசு. மகாராஜநகரில் ஒரு மாடி அறையில் ஸ்டான்லி என்கிற பையனோடு சேர்ந்து அவள்தான் இந்தப் பஸ் ஆப்பைச் செய்கிறாள், ஆவுடையைப் போல ஒன்றைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் வேண்டியவர்கள் தனியாகப் பஸ்ஸில் போய் வருவதற்காக. இன்றைக்கு அவள் பேசக் கூடாது. ஆவுடை திரும்பிப் பார்த்தாலும், கூப்பிட்டாலும்கூட, அடிபடுகிற ஆபத்து எதுவும் இல்லை என்றால் வாயைத் திறக்கக் கூடாது. அந்த நிபந்தனையைப் போட்டவன் ஆவுடையின் அண்ணன் கொம்பையா. அவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது, ஒன்றாம் தேதி போக வேண்டும். அவன் மனைவி, ஆவுடையின் மைனி, சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். அம்மா போனபிறகு ஆவுடை அவர்களோடுதான் இருக்கிறாள். இப்போது அவளும் ஓசூருக்குப் போவதா, அல்லது கூட வேலை பார்க்கிற கிரேசி தங்கியிருக்கிற பெண்கள் விடுதியில் இங்கேயே இருப்பதா என்பதுதான் கேள்வி. விடுதியில் இடம் இருக்கிறது, ஆனால் அதை நடத்துகிற மேடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: வேலைக்குத் தானாகப் போய்த் தானாகத் திரும்பி வரத் தெரிய வேண்டும், கூட்டிப் போக ஆள் கிடையாது. மூணு தடவ பாப்போம் என்றான் அண்ணன். முதல் தடவை, போன மாதம், போன் மடியில் நடுங்கியதும் அதுதான் இறங்குகிற இடம் என்று நினைத்து முருகன்குறிச்சியிலேயே இறங்கிவிட்டாள். இரண்டாம் தடவை அவள் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள், அண்ணனுக்குப் பொறுக்கவில்லை, பைக்கில் பஸ்ஸைத் துரத்தி வந்து வண்ணார்பேட்டையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அது கணக்கில் சேராது என்று அவள் சொன்னாள். சேரும் என்றான். இது மூன்றாவது. அண்ணன் ஜங்ஷன் நிறுத்தத்தில் நிற்கிறான். ஓசூர் என்றால் எப்படி இருக்கும்? அந்தப் பேரை வாய்க்குள் சொன்னால் கதவிடுக்கில் காற்று நுழைகிற சத்தம்தான் வருகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனாலும் எங்கே என்று கேட்பார்கள். ஆவுடை போனைத் தூக்கிக் காட்டினாள், அதில் ஜங்ஷன் நிறுத்தத்தின் படம் இருந்தது, பச்சை ஷட்டர் போட்ட பழரசக் கடையோடு. "ஜங்ஷனா?" என்று கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் உறுமிக் கிளம்பியது, ஜன்னல் கம்பி நெற்றிக்குப் பக்கத்தில் கடகடவென்று ஆடியது. மொத்தம் ஐந்து படங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நஸ்ரினே போய் எடுத்தது, பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால் எது கண்ணில் படுமோ அதை. முதலில் படங்கள் கிடையாது, பேர்கள்தான் இருந்தன. ஆவுடை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். முருகன்குறிச்சியை அவள் வாசித்து முடிப்பதற்குள் திரையின் மூலையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றித் தேய்ந்து, காணாமல் போய், 'நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்' என்று வந்தது. அந்த மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே அவள் நான்கு தடவை மீண்டும் தொடங்கினாள். நான்கு தடவையும் வட்டம்தான் முதலில் முடித்தது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டைக் கையில் பிடித்தபடி நிற்கையில் டீச்சர் விரலை மடக்கி மடக்கி எண்ணியது நினைவு வந்தது. ஆனால் பயத்துக்கு நடுவில் ஒன்று அவளுக்குப் புரியவே இல்லை, புரியாததைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "இதுக்குள்ள யாருக்கு அவசரம்?" என்று கேட்டாள். ஸ்டான்லி, என்னக்கா என்றான். "இல்ல, இந்த வட்டம் ஓடுதே. பஸ்ஸுக்கு அவசரமா, உங்களுக்கா, போனுக்கா?" ஸ்டான்லி திரும்பினான். நஸ்ரினைப் பார்த்தான். அது எப்பவும் போடுறதுதான், முன்னாடி ஒரு பேங்க் வேலைக்கு எழுதினதை அப்படியே எடுத்துப் போட்டேன் என்றான், காது சிவந்துபோய். யாருக்கும் அவசரம் இல்லையாம். யாருமே அவசரப்படாத ஒரு இடத்தில் அவள் நான்கு தடவை தோற்றிருக்கிறாள். அன்று சாயங்காலமே வட்டத்தை எடுத்துவிட்டார்கள். அது எங்கே போயிருக்கும் என்று ஆவுடை அடிக்கடி யோசிப்பாள், எடுத்த வட்டத்தை எதிலாவது போட்டு வைப்பார்களா?

முருகன்குறிச்சி. போன் நடுங்கியது. இந்த முறை ஒரு தடவைதான் நடுங்கியது, ஒன்று என்றால் இன்னும் இருக்கிறது, மூன்று என்றால் இறங்கு, அதுவும் அவள் கேட்டுச் செய்தது. இறங்கவில்லை. தொடையைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு இருந்தாள். ஏறியவர்கள் மேல் மல்லிகையும் ஈரத் துணியும் மணத்தன. ஈரத் துணி மணத்தால் வேலை ஞாபகம் வந்தது. ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளும் கிரேசியும் படுக்கை விரிப்பு மடிக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு முனை, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி விலகி. கிரேசி வேகமாகப் பேசுவாள், மெதுவாக மடிப்பாள். ஆவுடை மெதுவாகப் பேசுவாள், அவள் மடித்த விரிப்பில் முனை ஒன்றுகூடத் தப்பாது. சான்றிதழில் அவள் பேருக்குப் பக்கத்தில் 'அறிவுசார் குறைபாடு' என்று எழுதியிருக்கிறது, அதை ஒருநாள் கூட்டி வாசித்துவிட்டுக் கிரேசியிடம் கேட்டாள், இது எங்கே இருக்கும், தலைக்குள்ளேயா? எனக்கும் அதேதான் போட்டிருக்கான், எனக்கு எங்கயும் வலிக்கலை என்றாள் கிரேசி. வண்ணார்பேட்டை வந்துவிட்டது. படத்தில் இருக்கிற மாதிரியே ரவுண்டானா, சிலை, நகைக்கடை விளம்பரத்தில் கழுத்து நிறையப் போட்ட பெண். ஒரு தடவை நடுங்கல். இனி கொக்கிரகுளம், பிறகு ஆற்றுப்பாலம், பிறகு ஜங்ஷன். அவள் ஒவ்வொன்றாக விரலில் பிடித்துக்கொண்டிருந்தபோது பஸ் நேரே போகாமல் வலதுபக்கம் திரும்பியது.

திரும்பியதை உடம்புதான் முதலில் அறிந்தது, தோள் ஜன்னலோடு சாய்ந்தது. நகைக்கடைப் பெண் இருக்கக் கூடாத பக்கம் போய்விட்டாள். போன் நடுங்கியது, நிற்காமல் நடுங்கியது, ஒன்றா மூன்றா என்று எண்ண முடியாதபடி. திரை முழுக்கச் சிவப்பு. சிவப்பு வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. எழுத்துக் கூட்டினாள். த. வ. றா. றாவில் நின்றாள். மேலே போக முடியவில்லை, போகத் தேவையும் இல்லை, அந்தச் சொல்லை எந்த வேகத்திலும் அவளுக்குத் தெரியும். சிலேட்டில் பெரிதாகக் குறுக்கே இழுத்த கோடு அது. கல்யாண வீட்டில் அவள் தண்ணீர் ஊற்றப் போன பந்தியில் யாரோ கையைப் பிடித்து நிறுத்தியது அது. நோயில் படுத்திருந்த அம்மாவுக்கு அவள் மாத்திரையைச் சரியாகத்தான் எடுத்துக் கொடுத்தாள், நீலம் காலையில், வெள்ளை ராத்திரியில். ஆனாலும் மைனி ஓடி வந்து உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாளே, அந்தப் பார்வையும் அதுதான். என்ன செய்தேன்? எந்த இடத்தில் செய்தேன்? ஏறும்போதே செய்துவிட்டேனோ?  இறங்கிவிடலாம். மணிக்கயிறு தலைக்கு மேலேயே தொங்குகிறது, இழுத்தால் நிற்கும். இறங்கினால் எங்கே இறங்குவது, இந்தச் சாலையின் படம் போனில் கிடையாது. புள்ளியைத் தேடினாள். சிவப்புக்குப் பின்னால் அது இருந்தது, சாலையின் கோட்டைவிட்டு விலகி வெறும் வெள்ளையில், ஒன்றுமே இல்லாத இடத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓசூர் என்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. அண்ணனின் நிபந்தனையை மறந்து திரும்பிப் பார்த்தாள். நஸ்ரின் சால்வை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, தன் போனையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் தெரியாமைதான் இருந்தது. இதைச் செய்தவளுக்கே இது தெரியாதா? ஆவுடைக்கு அது பயத்தைவிடப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது.

சுற்றிப் பார்த்தாள். தென்னங்கன்றுக்காரர் தூங்குகிறார். இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே ஒயரில் ஆளுக்கொரு காதாகப் பாட்டுக் கேட்கிறார்கள். யாரும் எழுந்து கத்தவில்லை, யாரும் கயிற்றை இழுக்கவில்லை. பஸ் தவறாகப் போகிறது என்றால் இத்தனை பேரும் அல்லவா தவறாகப் போகிறார்கள், இவர்களின் போன் எல்லாம் ஏன் சும்மா இருக்கிறது? திரும்பியது யார்? நான் திரும்பவில்லை, நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பியது பஸ். பஸ் ஏன் திரும்பிற்று என்று பஸ்காரருக்குத் தெரியும். கேட்கலாம். ஆனால் கேட்பது என்பது அவளுக்கு அப்படி எளிதில் ஆகிற காரியம் இல்லை. சொல் உள்ளே கிளம்பி நாக்குக்கு வந்து சேர்வதற்குள் எதிரே இருப்பவர் தானே ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார், அவள் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாள், ஆட்டி ஆட்டி அவளுக்கு வேண்டாத இட்லியும் வேண்டாத சேலையும் எத்தனையோ வந்து சேர்ந்திருக்கின்றன. பைய சொல்லு, நான் எங்கயும் போகலை என்று சொல்லிக் காத்திருந்த ஒரே ஆள் அம்மாதான், அவளும் போய்விட்டாள். கண்டக்டர் முன்படிக்குப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்றார். ஆவுடை எழுந்தாள். ஒவ்வொரு சீட்டு முதுகாகப் பிடித்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணாச்சி" என்றாள். "என்னம்மா, இறங்கணுமா?" தலை ஆமாம் என்று ஆடப் போனது. அதை நிறுத்துவதற்குக் கழுத்தை இறுக்க வேண்டியிருந்தது. "இல்ல" என்றாள். பிறகு ஒன்றும் வரவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்தார், வாயில் எதுவோ சொல்ல வந்தவர் சொல்லாமல் நின்றார். "இந்த பஸ்ஸு," என்றாள், "ஜங்ஷன்," என்றாள், "போகுமா? ஏன் திரும்பிச்சு?" இரண்டாவது கேள்வி வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "போகும்மா. ஆத்துப்பாலத்துக்கிட்ட ரோட்டைத் தோண்டி குழாய் பதிக்கானுவ. அதான் பைபாஸ் வழியா சுத்திப் போறோம். ஜங்ஷன்லதான் நிக்கும், அந்தப் பக்கமா நிக்கும். நான் சொல்லுதேன், போய் உக்காரு." குழாயா! அவ்வளவுதானா! எவ்வளவு பெரிய குழாய், அதற்குள் ஆள் நுழைய முடியுமா என்று கேட்க வந்தது, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது போன் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பாவம், குழாய் பதிப்பது அதற்குத் தெரியாது. பஸ் ஒரு பாலத்தில் ஏறியது, கீழே ஆறு. இந்தப் பக்கமிருந்து அவள் ஆற்றைப் பார்த்ததே இல்லை. எப்போதும் பார்க்கிற ஆற்றில் படித்துறை உண்டு, துவைக்கிற கல் உண்டு. இங்கே நாணல்தான், நாணலுக்குள் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஒரு மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர்ந்தது. திட்டின் மேல் ஒரு எருமை நின்றது. அது அங்கே எப்படிப் போயிற்று, நடந்தா, நீந்தியா, தண்ணீர் கூடினால் எப்படித் திரும்பும்? தூரத்தில், கையளவு உயரத்தில், அவளுடைய பழைய பாலம் தெரிந்தது. அதன் மேல் தினமும் போகிறாள், அதை ஒருநாளும் பார்த்ததில்லை. வளைவு வளைவாக எவ்வளவு அழகாக இருக்கிறது. அதில் போகிறவர்களுக்கு அது தெரியாது. பயம் இன்னும் போகவில்லை, ஆனாலும் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் தேவலை என்று தோன்றியது.

"ஏம்மா, ஜங்ஷன்!" என்று கண்டக்டர் அவளைப் பார்த்தே கத்தினார். இறங்கினாள். பின்படியில் நஸ்ரினும் இறங்கி, ஒரு பெட்டிக்கடை ஓரமாகப் போய் நின்றாள், இன்னும் பேசாமல். பச்சை ஷட்டர் இல்லை. பழரசக் கடை இல்லை. அண்ணனும் இல்லை. ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் கூரைகளுக்கு மேலே ஆஸ்பத்திரியின் பேர்ப்பலகை தெரிந்தது, முதுகுப் பக்கமாக, எழுத்துகள் திரும்பி. ஆஸ்பத்திரிக்கு முதுகு உண்டு என்பதே அவளுக்குப் புதிது. ஆஸ்பத்திரி அங்கே என்றால் பழரசக் கடை அதற்கும் அந்தப் பக்கம், அண்ணன் அதற்கு முன்னால். போனை நிமிர்த்தினாள். கீழே ஒரு மூலையில் அண்ணன் முகம் சின்னதாக இருந்தது, அதைத் தொட்டாள். மணி முழுதாக அடிக்கக்கூட இல்லை. "ஏட்டி, எங்க இருக்க? எங்க எறங்கித் தொலச்ச? அங்கனயே நில்லு, அசையாத, நான் வாரேன்." அவள் காத்திருந்தாள், அவன் முடிக்கட்டும் என்று. முடித்தான். "அண்ணே," என்றாள், "பஸ்ஸு சுத்தி வந்துச்சு. ரோட்டுல குழாய் பதிக்காங்க. நான் ஜங்ஷன்லதான் நிக்கேன், ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம். நீ வராண்டாம். நீ வந்து, நானும் வந்தா ரெண்டு பேரும் மாறிப் போயிருவோம். நீ அங்கனயே நில்லு. நான் பைய வாரேன்." அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. ஒரு ஆட்டோ ஹாரன், யாரோ எலுமிச்சைச் சாறு கேட்கிற குரல். அவ்வளவு நீளமாக அவள் போனில் பேசி அவன் கேட்டதில்லை. "சரி," என்றான் கடைசியில், "நிக்கேன்."

நடக்கத் தொடங்கியதும் நஸ்ரின் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். "பஸ்ஸ விட்டு எறங்கியாச்சு, நான் பேசலாம்லாக்கா?" கண் கலங்கியிருந்தது. "பஸ் சுத்திப் போகும்னு நாங்க யோசிக்கவே இல்லக்கா. கோட்டை விட்டு விலகினா சிவப்பு, அவ்வளவுதான் எழுதி வச்சோம். உங்களைப் பயமுறுத்திட்டோம்." ஆவுடை யோசித்துக்கொண்டே நடந்தாள். நஸ்ரின் அவசரப்படுத்தவில்லை. சுவரோரமாக இரண்டு மின்கம்பம் தாண்டியபிறகு ஆவுடை நின்றாள். "அதுல தவறுன்னு போடாத நஸ்ரினு. யாரு தவறுன்னு அதுக்குத் தெரியாதுல்லா." "வேற என்னக்கா போடலாம்?" இதற்கு அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு தள்ளுவண்டி போயிற்று, பின்னாலேயே ஒரு மினி பஸ். "பஸ் வேற வழியா போகுது," என்றாள். "நீங்க உக்காந்திருக்கது சரி. கண்டக்டர்கிட்ட கேளுங்க. இப்படிப் போடு." நஸ்ரின் அங்கேயே சுவரில் நோட்டை வைத்து, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினாள். "செவப்பு வேண்டாம்," என்றாள் ஆவுடை. "அப்புறம், போனே எனக்காகக் கண்டக்டர்கிட்ட கேக்குற மாதிரி ஒண்ணும் செஞ்சிராத. நானே கேட்டுக்கிடுதேன்."

கொம்பையா அவள் சொன்ன இடத்திலேயே நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் இரண்டு எட்டு வைத்தவன், நிற்கச் சொன்னது ஞாபகம் வந்தவன்போல நின்றுகொண்டான். "பயந்துட்டியாட்டி?" என்றான், அவள் பக்கத்தில் வந்ததும். "ஆமா. நீ?" அவன் நஸ்ரினைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். "நாலு பஸ்ஸுல ஏறித் தேடிட்டேன்." "நாலுலயும் ஏறி எறங்குனியா? டிரைவர் வையலையா?" "வஞ்சான்." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தான். பிறகு அவளைப் பார்க்காமல், "கிரேசிகிட்ட சொல்லிரு, ஒன்னாந்தேதி நீ விடுதிக்கு வந்துருவன்னு," என்றான்.  ஆவுடைக்குச் சந்தோஷம் வந்துகொண்டிருந்தது, வரட்டும், அதற்கும் கொஞ்ச நேரம் ஆகும். அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. ஒன்றாம் தேதி ராத்திரி ஏறி, தெரியாத ஊரில் விடிகாலையில் இறங்கி நிற்கப்போகிறவன் அண்ணன். அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது. "ஓசூர்ல ஆறு இருக்கா?" என்று கேட்டாள். "எனக்கு எப்படித் தெரியும்? போனாத்தான் தெரியும்." "போய் எறங்கினதும் போன் பண்ணு. இருக்கா இல்லையான்னு சொல்லு," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நான் எடுக்க நேரமாகும். நீ பாட்டுக்கு வச்சிராத."